இதயத் துடிப்பும் எண் குறியீடும்

நோய் தீர்ப்பதற்கு இன்றியமையாத உறுப்புகள் நான்கு என்று வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வகுத்துரைக்கின்றார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. நம் காலம் இப்பட்டியலில் ஐந்தாவதாக ஒருவரைச் சேர்த்திருக்கின்றது. அவர் நோயாளியைக் காண்பதில்லை, நாடி பார்ப்பதில்லை, மருந்து கொடுப்பதுமில்லை. மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, அதனை எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடாக மாற்றி, மருத்துவத்திற்குரிய பணம் வந்து சேர வழி செய்கின்றார். ‘மெடிக்கல் கோடிங்’ என்று நம் மாணவர்கள் குறிப்பிடும் தொழில் இதுவே.

சென்னை, கோவை, திருச்சி முதலிய நகரங்களில் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இப்பணியைச் செய்து தரும் நிறுவனங்கள் பல உள்ளன. விலங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல், செவிலியம் பயின்ற தமிழ்நாட்டுப் பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் அங்கே பணிபுரிகின்றனர். நம் கல்லூரியின் மாணவ மாணவியரும் ஆண்டுதோறும் அத்துறையை நாடுகின்றனர். ஆயினும் அத்தொழில் யாது, அதில் எழுதப்படும் ஓர் எண் கடல் கடந்து யாரை எவ்வாறு தொடுகின்றது என்பதைப் பெற்றோரும் பெரியோரும் அறியும் வாய்ப்புக் குறைவு. பிள்ளைகளிற் பலரும் பயிற்சி வகுப்பில் சேர்ந்த பின்னரே அறிகின்றனர்.

தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். எழுதப்பட்ட ஒன்றைப் படித்து, அது சொல்வதைச் சொல்லி, அது சொல்லாததைச் சொல்லாது விடுதல் இத்தொழிலின் உயிர்நாடி. இலக்கிய உரையின் உயிர்நாடியும் அதுவேயாதலால் நாம் இதனைப் பேசப் புகுகின்றோம். கோடிங் என்னும் பெருங்கடல் முழுவதையும் ஒரு கட்டுரையில் அடக்குதல் இயலாது. ஆகவே, உடலில் அணிந்துகொள்ளும் இதயத் தாளப் பதிவுக் கருவிகள் என்னும் ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். சிறிய துறையேயாயினும், இத்தொழிலின் நுட்பங்களும் சோதனைகளும் இதில் தெளிவாகத் தென்படுகின்றன.

இதயத்தின் தாளம்

நாடித் துடிப்பைக் கொண்டு நோயறியும் முறை நம் சித்த மருத்துவத்திற்கு உரியது. இசுலாமிய மருத்துவ மேதை இப்னு சீனா தம் ‘அல்-கானூன்’ என்னும் பெருநூலில் நாடியின் இயல்புகளை விரித்துரைத்தார். அந்நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு 13ஆம் நூற்றாண்டில் உரை கண்ட இப்னு நஃபீஸ், இதயத்தின் வலப்புறத்துக் குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகின்றது என்று எழுதினார். ஆனால் துடிப்பை இயக்குவது நுண்ணிய மின்னோட்டம் என்பதும், அதனைக் கோடாக வரைந்து பார்க்கலாம் என்பதும் பிற்கால அறிவியல் கண்டவை. நெதர்லாந்து நாட்டு அறிஞர் வில்லெம் ஐந்தோவன் இதய மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் முறையை நிலைநாட்டியமைக்காக 1924ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இன்று நாம் இ.சி.ஜி. என்று வழங்கும் சோதனையின் தொடக்கம் அது.

இ.சி.ஜி. சிறந்த சோதனையே. எனினும் அதற்கு ஒரு குறையுண்டு. மருத்துவமனையில் படுக்க வைத்து எடுக்கப்படும் வழக்கமான இ.சி.ஜி. ஏறத்தாழ 10 நொடி நேரத்தை மட்டுமே பதிவு செய்கின்றது. நிமிடத்திற்கு 70 துடிப்பு என்று கொண்டால் அதில் அகப்படுபவை 12 துடிப்புகளே. அதே இதயம் ஒரு நாளில் ஒரு லட்சம் முறைக்கு மேல் துடிக்கின்றது. எப்போதோ வந்து மறையும் தாளக் கோளாறு அந்தப் 10 நொடியில் வந்து நின்று காட்சி தரும் என்று எதிர்பார்த்தல் அரிது. வீட்டில் நெஞ்சு படபடத்தவர் மருத்துவமனைக்கு வந்ததும் ‘இ.சி.ஜி. நன்றாக இருக்கின்றது’ என்ற விடை பெற்றுத் திரும்புவதன் காரணம் இதுவே.

இக்குறையைப் போக்க முனைந்தவர் அமெரிக்காவின் மோண்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்ட்டர் என்னும் அறிஞர். இயல்பாக நடமாடும் மனிதரின் இதய மின்னோட்டத்தை வானொலி அலைவழியே அனுப்பும் கருவியை 1940களின் இறுதியில் அவர் அமைத்தார். முதுகில் சுமக்க வேண்டிய அக்கருவியின் எடை ஏறத்தாழ 38 கிலோ. படிப்படியாக அதனைச் சிறிதாக்கி, 1961ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் தம் புதிய முறையை வெளியிட்டார். இன்று அக்கருவி அவர் பெயராலேயே ‘ஹோல்ட்டர்’ என்று வழங்கப்படுகின்றது.

கருவிகள் நான்கு வகை

அணிந்துகொள்ளும் பதிவுக் கருவிகளை, பட்டியல் எழுதும் முறை நோக்கி, நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது ஹோல்ட்டர். மார்பில் மின்முனைகளை ஒட்டி, சிறு பெட்டியொன்றை இடுப்பிலோ கழுத்திலோ தொங்கவிட்டு, 48 மணி நேரம் வரை இடைவிடாது பதிவு செய்வது.

இரண்டாவது நீள்காலப் பதிவு. மார்பில் ஒட்டிக்கொள்ளும் சிறு பட்டை வடிவில் பெரும்பாலும் அமைவது. 48 மணி நேரத்திற்கு மேல் 15 நாள் வரை இடைவிடாது பதிவு செய்கின்றது.

மூன்றாவது நிகழ்வுப் பதிவு. நோயாளி படபடப்பை உணரும்போது பொத்தானை அழுத்தினாலோ, கருவியே கோளாறை உணர்ந்தாலோ, அந்நேரத்துப் பதிவைச் சேமித்து அனுப்புவது. 30 நாள் வரை அணியப்படுவது.

நான்காவது நடமாடும் தொலையளப்பு. இதுவும் 30 நாள் வரை அணியப்படுவதே. ஆனால் கருவி கண்டறியும் கோளாறுகள் உடனுக்குடன் ஒரு கண்காணிப்பு நிலையத்தைச் சென்றடைகின்றன. அந்நிலையத்தில் 24 மணி நேரமும் பயிற்சி பெற்ற பணியாளர் விழித்திருக்கின்றனர். ஆள் உழைப்பு மிகுதியாதலால் இதற்குரிய கட்டணமும் மிகுதி.

கைக்கடிகாரத்திலேயே இ.சி.ஜி. எடுக்கும் வசதிக்கு அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2018ஆம் ஆண்டு அனுமதி அளித்ததை வாசகர் அறிவர். அக்கடிகாரம் நோயாளி தாமே வாங்கி அணிவது. அதன் பதிவு மருத்துவருக்கு ஒரு குறிப்பாகப் பயன்படலாம். ஆயினும் அதற்கு மேற்கூறிய நால்வகைச் சோதனைகளின் குறியீட்டை எழுதுதல் ஆகாது.

இருவகைக் குறியீடுகள்

ஒரு பட்டியலில் இரு வினாக்களுக்கு விடை வேண்டும். ‘என்ன செய்யப்பட்டது?’ என்பது ஒன்று. ‘ஏன் செய்யப்பட்டது?’ என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் தனித்தனிக் குறியீட்டு நூல்கள் உள்ளன.

‘ஏன்’ என்பதற்கு விடை தருவது ஐ.சி.டி. எனப்படும் பன்னாட்டு நோய் வகைப்பாடு. இறப்பின் காரணங்களை எல்லா நாடுகளும் ஒரே வகையில் எண்ண வேண்டும் என்னும் கருத்தில், பிரெஞ்சு நாட்டுப் புள்ளியியலார் ழாக் பெர்த்தியோன் 1893ஆம் ஆண்டு முன்வைத்த பட்டியலிலிருந்து இது வளர்ந்தது. 1948இல் உலக நலவாழ்வு நிறுவனம் இதன் பொறுப்பை ஏற்றது. பத்தாம் திருத்தம் 1990இல் ஏற்கப்பட்டது. அதனைத் தன் தேவைக்கேற்ப விரித்து அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்தி வருகின்றது. பதினொன்றாம் திருத்தம் 2022இல் நடைமுறைக்கு வந்த பின்னரும் அமெரிக்கப் பட்டியல்கள் பத்தாம் திருத்தத்தின் வழியிலேயே எழுதப்படுகின்றன.

‘என்ன’ என்பதற்கு விடை தருவது சி.பி.டி. எனப்படும் செயல்முறைக் குறியீடு. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் முதன்முதலாக வெளியிட்ட இந்நூல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றது. கோடிங் பணியாளர் சென்ற ஆண்டு நூலை வைத்துக்கொண்டு இவ்வாண்டுப் பட்டியலை எழுத இயலாது.

இவ்விரு குறியீடுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். முதியோருக்கான மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டுத் திட்டம் அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. நோயறிதலுக்கோ சிகிச்சைக்கோ நியாயமானதும் தேவையானதுமான சேவைக்கே பணம் தரப்படும் என்பது அதன் அடிப்படை விதி. செய்த சோதனையை நோய்க்குறியீடு நியாயப்படுத்தாவிடின் பட்டியல் திருப்பி அனுப்பப்படும். பணம் கிடைக்காது போகலாம் என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து நோயாளியின் கையொப்பம் பெற்றிருந்தால் அச்செலவு நோயாளியின் தலையில் விழலாம். ஓர் எண்ணின் பிழை ஒரு முதியவரின் ஓய்வூதியத்தைத் தொடும் இடம் இது.

ஒரு சோதனை, பல கூறுகள்

ஹோல்ட்டர் சோதனையை ஒருவரே முழுவதும் செய்வதில்லை. கருவியை ஒட்டுபவர் ஒருவர். பதிவைக் கணிப்பொறியில் ஆய்ந்து அறிக்கை தயாரிப்பவர் மற்றொருவர். அதனைப் படித்துப் பொருள் கூறும் மருத்துவர் வேறொருவர். ஆகவே குறியீடும் கூறு கூறாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அனைத்தையும் ஒரே இடத்தில் செய்தால் 93224. கருவியைப் பொருத்திப் பதிவு செய்து கழற்றியதற்கு மட்டும் 93225. ஆய்வறிக்கைக்கு 93226. மருத்துவர் பார்த்துப் பொருள் கூறியதற்கு 93227. தொடர்பதிவு 12 மணி நேரத்திற்கும் குறைவாக நின்றுவிட்டால், சேவை குறைந்தது என்பதைக் காட்ட 52 என்னும் துணையெண்ணைச் சேர்த்து எழுத வேண்டும்.

நீள்காலப் பதிவிற்கு 2021 சனவரி 1 முதல் எட்டுக் குறியீடுகள் நடைமுறைக்கு வந்தன. 48 மணி நேரத்திற்கு மேல் 7 நாள் வரையிலான பதிவுக்கு 93241 முதல் 93244 வரை; 7 நாளுக்கு மேல் 15 நாள் வரையிலான பதிவுக்கு 93245 முதல் 93248 வரை. இவையும் முன்போலவே முழுமை, பதிவு, ஆய்வறிக்கை, மருத்துவர் விளக்கம் என்னும் வரிசையில் அமைந்தவை. நிகழ்வுப் பதிவிற்கு 93268 முழுமைக்கும், 93270, 93271, 93272 என்பன அதன் கூறுகளுக்கும் உரியன. தொலையளப்பில் முழுமைக்கென்று தனிக்குறியீடு இல்லை. மருத்துவர் விளக்கத்திற்கு 93228, தொழில்நுட்பப் பணிக்கு 93229 என இரண்டே உள்ளன.

இவ்வெண்களை மனப்பாடம் செய்தல் பெரிய திறமையன்று. தொழிலுக்குரிய தேர்வுகளிலேயே குறியீட்டு நூலைப் பார்த்து எழுத இசைவு உண்டு. எத்தனை நாள் பதிவு செய்ய மருத்துவர் ஆணையிட்டார் என்பதைக் காட்டிலும், எத்தனை நாள் உண்மையில் பதிவாயிற்று என்பதைப் பார்த்தெழுதும் கவனமே திறமை. 14 நாளுக்கென்று ஒட்டிய பட்டை ஆறாம் நாளில் கழன்று விழுந்திருந்தால், 7 நாளுக்கு மேற்பட்ட குறியீட்டை எழுதுதல், செய்யாத வேலைக்குக் கூலி கேட்பதாகும்.

ஐயமும் தெளிவும்

நோய்க்குறியீட்டில்தான் இத்தொழிலின் உண்மையான சோதனை இருக்கின்றது. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம்.

டெக்சாஸ் மாநிலத்தில் 68 வயது மூதாட்டி ஒருவர். இரண்டு மாதங்களாக அவ்வப்போது நெஞ்சு படபடக்கின்றது. இ.சி.ஜி.யில் ஒன்றும் தென்படவில்லை. மருத்துவர் தம் குறிப்பில், ‘படபடப்பு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம், 14 நாள் பட்டைப் பதிவு செய்க’ என்று எழுதுகின்றார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நிலை. அங்கே குருதி தேங்கி உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும். அந்நோயுடையாருக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்பது மருத்துவ உலகம் ஒப்பிய கருத்து.

இப்போது கோடிங் பணியாளர் என்ன எழுதுவது? படபடப்பிற்குரிய குறியீடு ஆர் 00.2. அவ்வப்போது வந்து தானே நீங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குரியது ஐ 48.0. மருத்துவரின் குறிப்பில் இரண்டும் உள்ளன. ஆனால் ஒன்று நோயாளி உணர்ந்தது. மற்றொன்று மருத்துவர் ஐயுற்றது. புறநோயாளிகளுக்கான அமெரிக்க விதி தெளிவானது. ‘இருக்கலாம்’, ‘ஐயம்’, ‘போலும்’ என்ற சொற்களோடு எழுதப்பட்ட நோயைக் குறியீடாக எழுதக்கூடாது. அன்றைய நிலையில் எது உறுதியோ அதனையே, அஃதாவது அறிகுறியையே, எழுத வேண்டும். எனவே அந்நாளுக்குரிய குறியீடு ஆர் 00.2.

பட்டைப் பதிவு முடிந்து மருத்துவரின் விளக்க அறிக்கை வந்துவிட்டது என்று கொள்வோம். கோளாறு ஏதுமில்லை என்று அவர் எழுதியிருந்தால் ஆர் 00.2 அப்படியே நிற்கும். அவ்வப்போது வந்து நீங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதி என்று எழுதியிருந்தால் ஐ 48.0 எழுதப்படும், படபடப்பு அந்நோயின் அறிகுறியே ஆதலால் அதனைத் தனியே சேர்ப்பதில்லை. வகை கூறாது ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஐ 48.91 என்னும் பொதுக்குறியீடே உரியது. வரைபடத்தைத் தாமே பார்த்து, ‘இது வந்து நீங்கும் வகைதான்’ என்று முடிவு செய்யும் உரிமை கோடிங் பணியாளருக்கு இல்லை. தெளிவு வேண்டுமாயின் மருத்துவரைக் கேட்டெழுத வேண்டும். அக்கேள்வியும் விடையை ஊட்டும் கேள்வியாக இருத்தல் ஆகாது.

இன்னொரு நிலையும் உண்டு. கருவியின் கணிப்பொறிச் சுருக்கம் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் காணப்பட்டது’ என்று சொல்லும்; மருத்துவரோ, ‘பதிவு தெளிவாக இல்லை; ஐயத்திற்குரியது’ என்று எழுதியிருப்பார். இயந்திரத்தின் சொல் மருத்துவரின் தீர்ப்பு ஆகாது. அங்கும் அறிகுறியே எழுதப்படும்.

இதில் மற்றுமொரு நுட்பம் உண்டு. மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தங்கி வீடு திரும்புபவரின் இறுதிக் குறிப்பில் ‘இருக்கலாம்’ என்று எழுதப்பட்ட நோயை, இருப்பதாகவே கொண்டு மருத்துவமனைப் பட்டியலில் எழுத விதி இடந்தருகின்றது. ஒரே சொல் இடம் மாறியவுடன் வேறு விதிக்கு ஆட்படுகின்றது. இடம் நோக்கிப் பொருள் கொள்ளுதல் என்று நாம் வகுப்பறையில் கற்பிப்பது இதுவன்றோ?

பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் பெரும்புலவர். எனினும் தொலைவில் கிடக்கும் சொற்களை இழுத்து வந்து கொண்டுகூட்டிப் பொருளுரைக்கும் அவர் முறையைப் பிற்காலத்து அறிஞர் பலர் ஏற்கவில்லை. இலக்கியத்தில் அது கருத்து வேறுபாடாக நின்றுவிடும். நோயாளியின் ஏட்டில் இங்கொரு சொல்லையும் அங்கொரு வரியையும் கொண்டுகூட்டி, மருத்துவர் கூறாத நோயைக் கூறினால், ஒருவர் வாழ்வில் இல்லாத நோய் ஒன்று பதிவாகிவிடும்.

பிழையான எண்ணின் விளைவு

‘எழுதுவது வெறும் எண்தானே’ என்று எண்ணுதல் எளிது. மேற்கண்ட மூதாட்டிக்கு ஐயத்தையே உறுதியாக்கி ஐ 48.0 என்று எழுதிவிட்டதாகக் கொள்வோம். பட்டியல் அன்று தடையின்றிச் சென்றிருக்கலாம். ஆனால் அக்குறியீடு அவருடைய மருத்துவ ஏட்டில் தங்கிவிடுகின்றது. அடுத்து அவர் செல்லும் மருத்துவமனையில் அவர் இதயத் தாள நோயாளி. குருதி உறையாமைக்கான மருந்து அவருக்கு ஏன் தரப்படவில்லை என்ற வினா எழும். அம்மருந்து உண்மையான நோயாளிக்கு உயிர் காப்பது. நோயற்றவருக்கோ பயனின்றிக் குருதிக்கசிவு அபாயத்தை மட்டும் தருவது. ஆயுள் காப்பீட்டிற்கு விண்ணப்பித்தால் அங்கும் அந்த எண் அவருக்கு முன்னே சென்று நிற்கும். அவ்வாறே மயக்கத்திற்குரிய ஆர் 55 என்னும் குறியீடு. நினைவிழக்கும் நோயுடையாரை வாகன உரிம அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டிய சட்டம் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் உண்டு. தலைசுற்றலை மயக்கம் என்று எழுதுதல் அங்கே சிறு பிழையன்று.

குறைத்து எழுதுவதும் தீங்கே. உறுதியான நோயை அறிகுறியென்று எழுதினால் அடுத்து வரும் மருத்துவருக்கு எச்சரிக்கை கிட்டாது. தேவையான மறுசோதனைக்குப் பணம் மறுக்கப்படலாம்.

வேண்டுமென்றே செய்யும் தவறுகளுக்கு அமெரிக்கச் சட்டம் கடுமையானது. உள்நாட்டுப் போர்க் காலத்தில், ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராயிருந்த 1863ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பொய்க் கோரிக்கைச் சட்டம் இன்றும் ஆட்சி செய்கின்றது. அரசுக்கு நேர்ந்த இழப்பைப்போல் மும்மடங்கு செலுத்த வேண்டிய நிலையை அது உண்டாக்கும்.

இதயத் தாளப் பதிவுத் துறையிலேயே இதற்குச் சான்றுகள் உள்ளன. மிதமான படபடப்பு மட்டுமே உடையவர்களுக்கு விலையுயர்ந்த தொலையளப்புச் சேவையைப் பட்டியலிட்டதாக எழுந்த குற்றச்சாட்டில், லைஃப்வாட்ச் நிறுவனம் 2012ஆம் ஆண்டு 1 கோடியே 85 லட்சம் டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2017இல் மற்றொரு வழக்கு. ஒரே கருவி மூவகைச் சேவைக்கும் பயன்படக்கூடியது. மருத்துவர் பதிவு செய்ய முற்பட்டால் மிகுந்த கட்டணமுள்ள சேவை மட்டுமே தெரிவாகும்படி பதிவுமுறை அமைக்கப்பட்டிருந்தது என்பது குற்றச்சாட்டு. அதில் தொடர்புடைய நிறுவனங்கள் சேர்ந்து 1 கோடியே 34 லட்சம் டாலருக்கு மேல் செலுத்த இசைந்தன.

2022 டிசம்பரில் தீர்ந்த வழக்கு நமக்கு இன்னும் அண்மையானது. பயோடெலிமெட்ரி, கார்டியோநெட் என்னும் நிறுவனங்கள் இதயப் பதிவுகளின் ஆய்வில் ஒரு பகுதியை அமெரிக்காவிற்கு வெளியே, இந்தியாவில் இருந்த தொழில்நுட்பப் பணியாளரைக் கொண்டு செய்வித்து, அதற்கு அரசுத் திட்டங்களிடம் பணம் கேட்டன என்பதும், அப்பணியாளரிற் பலர் உரிய தகுதி பெறாதவர் என்பதும் குற்றச்சாட்டு. 4 கோடியே 48 லட்சம் டாலருக்கு மேல் செலுத்தி அது தீர்க்கப்பட்டது. இத்தகைய தீர்வுகள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொருள்படா என்பதையும் நாம் நேர்மையோடு குறிப்பிட வேண்டும். இங்கே மேசை முன் அமர்ந்து, இட்ட பணியைச் செய்த இளைஞர்களுக்கு, அப்பணியின் சட்டநிலை எவரேனும் எடுத்துச் சொல்லியிருப்பார்களா என்ற கவலை மட்டும் நம் உள்ளத்தில் எழாமலில்லை. பட்டியலுக்குக் குறியீடு எழுதுதல் வேறு. சோதனையையே செய்தல் வேறு. முன்னதை இந்தியாவிலிருந்து செய்வது நெடுநாளாக நடைபெறும் தொழில். பின்னதைச் செய்து அதற்கு மெடிகேர் பணம் கேட்பதற்கே தடை. இவ்வேறுபாட்டை அறியாது வேலையில் அமர்தல் கூடாது.

குறியீட்டின் விலை ஒரு தொழிலின் விதியையே அசைக்கக்கூடியது என்பதற்கும் இத்துறையில் சான்றுண்டு. 2021இல் வந்த நீள்காலப் பதிவுக் குறியீடுகளில் ஆய்வறிக்கைப் பகுதிக்கு மெடிகேர் உடனே நாடளாவிய விலை வகுக்கவில்லை. வட்டார ஒப்பந்த நிறுவனங்களிடம் விட்டது. அவற்றுள் ஒன்று அறிவித்த விலை முன்னைய விலையினும் மிகத் தாழ்ந்திருந்தபடியால், ஒட்டும் பட்டையைத் தயாரிக்கும் ஐரிதம் நிறுவனத்தின் பங்கு விலை பெரிதும் சரிந்தது. 2023ஆம் ஆண்டிற்கான விதிகளிலேயே நாடளாவிய விலை வந்தது.

எழுதுவோர் கடமை

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளப் பணிக்கும் வசனம் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 282ஆவதாக அமைந்துள்ளது. இறைமறையின் மிக நீண்ட வசனம் அதுவே என்பது அறிஞர் அறிந்த செய்தி. அவ்வளவு நீண்ட வசனம் எழுத்தரைப் பற்றிப் பேசுகின்றது என்பது சிந்திக்கத்தக்கது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்புதல் ஆகாது என்னும் கருத்துகள் அதில் அடங்கியுள்ளன. அளவில் குறை செய்வோரைக் கண்டிக்கும் தனி அத்தியாயமும் மறையில் உண்டு. ஆறாம் நாளில் கழன்ற பட்டைக்குப் பதினான்கு நாள் கூலி கேட்பதும் அளவில் செய்யும் மோசடியே. கணக்கெழுதுபவர் கையில் பிறர் பொருளும் பிறர் நலனும் அமானிதமாக ஒப்படைக்கப்படுகின்றன.

இத்தொழிலில் நாள்தோறும் இத்தனை பட்டியல் முடிக்க வேண்டும் என்னும் இலக்கு உண்டு. விரைவு வேண்டும், பிழையும் கூடாது. கணிப்பொறியே குறியீட்டை முன்மொழியும் முறையும் பரவி வருகின்றது. முன்மொழிந்ததை அப்படியே ஏற்று அடுத்ததற்குச் செல்லும் ஆசை எழுதல் இயல்பு. அவ்விடத்தில் நின்று, ‘மருத்துவர் இதனைச் சொல்லியிருக்கின்றாரா?’ என்று ஒரு முறை வினவுபவரே இத்தொழிலுக்குப் பெருமை சேர்ப்பவர்.

இத்துறையை நாடும் மாணவ மாணவியர்க்கு நாம் சொல்ல விழைவன சில. குறியீட்டு எண்களைக் கற்குமுன் உடற்கூற்றையும் மருத்துவச் சொற்களையும் நன்கு கற்றிடுக. ஆண்டுதோறும் மாறும் விதிகளை முதல் நூலிலேயே பார்த்திடுக. பிறர் தரும் குறிப்பை மட்டும் நம்ப வேண்டா. ஏட்டில் இல்லாததை எழுதச் சொன்னால், அது எவர் வாயிலிருந்து வந்தாலும், ஏட்டில் எங்கே இருக்கின்றது என்று பணிவோடு கேட்டிடுக. கேட்டதை எழுத்திலும் வைத்திடுக. வேலையில் சேருமுன் அங்கே செய்யப்படுவது குறியீட்டுப் பணியா, சோதனைப் பணியா என்பதை அறிந்து சேர்க. பிள்ளைகள் வேலையில் சேர்ந்ததும் சம்பளத்தைக் கேட்கும் பெற்றோர், அப்பிள்ளை நாள்தோறும் எதனை எழுதுகின்றது என்பதையும் ஒருமுறை கேட்டறிதல் நலம்.

நூலைப் படிக்கும்போது ஐயமான இடத்தில் ஐயம் என்றும், தெளிவான இடத்தில் தெளிவு என்றும் எழுதப் பழகிய மாணவர், கடல் கடந்த மூதாட்டி ஒருவரின் ஏட்டிலும் அவ்வாறே எழுதுவார். அவரை அம்மூதாட்டி ஒருநாளும் அறியப்போவதில்லை. ஆயினும் இல்லாத நோய் ஒன்று தம் பெயரில் எழுதப்படாமல், உள்ள நோய் மறைக்கப்படாமல் அவர் வாழ்வார். எழுதப்படுவன அனைத்தையும் அறிந்த இறைவன் இதனையும் அறிவான்.